வீட்டு வாட்டர் ஹீட்டரை மாற்ற யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவிநாசியில் மின்பொருள் கடை நடத்தி வருகிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது முதல் தை முடியும் வரை கடைக்கு வருகிறவர்களில் பலர் வாட்டர் ஹீட்டர் கேட்டுத்தான் வருகிறார்கள். விலை படிந்ததும் அவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் அனுமதியைப் பற்றியதாகவே இருக்கிறது. சிலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். வேறு சிலர் கேட்டே ஆக வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது வகையினரை நினைத்தே இதை எழுதினேன். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே கொடுத்திருக்கிறேன்.

பழைய கீசரைக் கழட்டிப்போட்டு, அதே எடத்துல புதுசு மாட்டோணும். எங்கயாவது அனுமதி வாங்கோணுங்களா?

வேண்டியதில்லை. பழையது 2 கிலோவாட், புதியதும் 2 கிலோவாட், அதே பிளக், அதே குழாய் என்றால், நகராட்சியிலோ ஊராட்சியிலோ மின்வாரியத்திலோ நீங்கள் எந்த விண்ணப்பமும் கொடுக்க வேண்டாம். சுவரையோ தளத்தையோ மாற்றாத இத்தகைய உட்புற வேலைக்குக் கட்டட அனுமதி என்ற பேச்சே எழாது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை இதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஒரு வீட்டில் செய்யப்படும் எந்த மின்னமைப்பு வேலையையும் அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளில் உள்ள பொது விதி. பல்பு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச், வீட்டு மின்சாதனம் ஆகியவற்றை, அமைப்பின் திறனும் தன்மையும் மாறாமல், ஒன்றுக்கு ஒன்றாக மாற்றுவதற்கு மட்டும் அதில் விலக்கு தரப்பட்டிருக்கிறது. "திறனும் தன்மையும் மாறாமல்" என்ற இந்தச் சொற்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்களில் பாதி இவற்றிலிருந்து பிறப்பவைதான்.

திறனும் தன்மையும் மாறக்கூடாதுன்னா, எதை மாத்துனா மாறுனதா அர்த்தம்?

ஹீட்டரின் வாட் அளவு கூடினால் திறன் மாறுகிறது. புதிதாகப் பாயிண்ட் எடுத்தாலோ, ஒயரை மாற்றி இழுத்தாலோ, மின்சாரம் அளவுக்கு மிஞ்சினால் துண்டிக்கும் எம்சிபியின் ஆம்பியர் அளவை மாற்றினாலோ தன்மை மாறுகிறது. லிட்டர் அளவு இதில் சேராது. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கடையில் விற்கும் 15 லிட்டர் ஹீட்டரும் 25 லிட்டர் ஹீட்டரும் பெரும்பாலும் 2 கிலோவாட்தான். பெரிய தொட்டி சூடாக அதிக நேரம் பிடிக்கும், அவ்வளவே. ஆனால் கைக்கு அடக்கமாக இருக்கும் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 3 கிலோவாட் இழுக்கும். 230 வோல்ட்டில் 2 கிலோவாட் என்பது ஏறக்குறைய 8.7 ஆம்பியர், 3 கிலோவாட் என்பது 13 ஆம்பியர்.

பழைய 15 லிட்டரை எடுத்துவிட்டு அதே பிளக்கில் இன்ஸ்டன்ட் மாட்டிய ஒருவர், இரண்டு மாதம் கழித்து அந்தப் பிளக் டாப்பைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார். ஒரு பின்னைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் காபிப்பொடி நிறத்துக்குப் போய், பின் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சுவருக்குள் இருந்த ஒயர் 1.5 ஸ்கொயர், அதாவது 1.5 சதுர மில்லிமீட்டர். அந்த வேலைக்குக் குறைந்தது 2.5 ஸ்கொயர் வேண்டும். மெயின் போர்டிலிருந்து குளியலறை தூரமாக இருந்தால் 4 ஸ்கொயர் போடுவது நல்லது. ஒயர் மாற்ற வேண்டும் என்றான பிறகு அது வெறும் மாட்டும் வேலையாக இருப்பதில்லை, மின்னமைப்பு வேலையாகிவிடுகிறது.

எங்க பையன் அமெரிக்காவுல இருக்கறான். அங்க ஹீட்டர் மாத்தறதுக்கே பர்மிட் வாங்கி, இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துட்டுப் போனாராம். இங்க மட்டும் எப்படீங்க வேண்டாம்ங்கறீங்க?

உங்கள் மகன் சொன்னது உண்மைதான். அமெரிக்காவின் பெரும்பாலான நகரங்களில் ஹீட்டரை மாற்றுவதற்கு உள்ளூர்க் கட்டடத் துறையிடம் பர்மிட் எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஆய்வாளர் வந்து பார்ப்பார். அங்கே வீட்டுக்கு வீடு 40, 50 கேலன் தொட்டி, அதாவது 150 முதல் 190 லிட்டர் வரை கொள்ளும் தொட்டி, வைத்திருக்கிறார்கள். அவற்றில் பல எரிவாயுவில் ஓடுகின்றன. புகைபோக்கி சரியாக இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பிவிடும். அழுத்தமும் வெப்பமும் எல்லை மீறினால் திறந்துகொள்ளும் வால்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கலிஃபோர்னியாவில் நிலநடுக்கத்தில் தொட்டி கவிழாமல் சுவரோடு பட்டை போட்டுக் கட்டியிருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள்.

நம் வீடுகளில் இருப்பது சுவரில் தொங்கும் 15 லிட்டர் மின்தொட்டி. அதனால் விதிகள் வேறு மாதிரி அமைந்திருக்கின்றன: சாதனம் தொழிற்சாலையிலேயே சோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும், ஒயரிங் வேலையை உரிமம் உள்ளவர் செய்ய வேண்டும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வீட்டில் இருக்க வேண்டும். ஆய்வாளர் என்று ஒருவர் வருவதில்லை. ஆகவே அவர் பார்க்க வேண்டியதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எதையெல்லாம் பார்ப்பது என்பதைக் கடைசிக் கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

3 கிலோவாட் ஹீட்டரே வேணும்னா, ஈபில சொல்லோணுங்களா?

உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. இணைப்பு வாங்கியபோது வீட்டில் என்னென்ன சாதனங்கள் ஓடும் என்று எழுதிக் கொடுத்து, அதற்கேற்பக் கட்டணம் கட்டியிருப்பீர்கள். அந்த அளவு உங்கள் இணைப்புக் கணக்கில் பதிவாகியிருக்கும். மின்வாரிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம், அல்லது பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் கேட்கலாம். பலர் வெள்ளை அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்கிறார்கள். அதில் ஒவ்வொரு முறையும் குறிக்கப்படுவது ரீடிங்தான்.

இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய இணைப்புகளில் 1 கிலோவாட், 2 கிலோவாட் என்று இருப்பது சாதாரணம். அன்றைக்கு நான்கு டியூப் லைட்டும் மூன்று மின்விசிறியும்தான் வீட்டில் இருந்தன. இன்று அதே இணைப்பில் ஃபிரிட்ஜ், கிரைண்டர், ஒரு குதிரைத்திறன் மோட்டார் என எல்லாம் ஓடுகின்றன. அதன்மேல் 3 கிலோவாட் ஏறினால் அனுமதித்த அளவை நிச்சயம் தாண்டும். அப்போது கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஹீட்டரை மாற்றுவதில் அரசிடம் நீங்கள் உண்மையிலேயே கேட்க வேண்டிய அனுமதி என்றால் அது பெரும்பாலும் இது ஒன்றுதான்.

பளுவைக் கூட்டுனா மாசாமாசம் பில்லு ஏறுமே?

ஏறாது. இந்தப் பயத்தினாலேயே பலர் விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டண மாற்றத்தில் வீட்டு இணைப்புகளுக்கான நிலைக்கட்டணம் நீக்கப்பட்டுவிட்டது. அதனால் அனுமதிக்கப்பட்ட பளு கூடுவதால் மட்டும் இரண்டு மாத பில் கூடுவதில்லை. முதல் 100 யூனிட் இலவசமும் போகாது. ஒரே ஒரு தடவை வளர்ச்சிக் கட்டணமும் வைப்புத்தொகையும் கட்ட வேண்டும். விண்ணப்பத்தை இணையத்திலேயே பதிவு செய்யலாம். சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் கேட்கலாம்.

பில்லைக் கூட்டுவது பயன்பாடுதான். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 0.6 யூனிட் ஆகும். 2 கிலோவாட் ஹீட்டருக்கு அது பதினெட்டு நிமிட வேலை. சுவிட்சை இரவு முழுக்கப் போட்டே வைத்திருந்தால், தொட்டியிலிருந்து ஆறிப்போகும் சூட்டை ஈடுசெய்ய ஹீட்டர் விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். நட்சத்திரக் குறியீடு கூடுதலாக உள்ள தொட்டி குறைவாகத்தான் ஆறும் என்பதால், போட்டு வைக்கும் பழக்கம் உள்ள வீட்டுக்கு அதனால் பலன் உண்டு.

மும்முனைக்கு மாத்தியே ஆகோணுங்களா?

வீட்டில் உள்ள மொத்தப் பளு 4 கிலோவாட்டைத் தாண்டினால் மும்முனை இணைப்பு என்பது பொது முறை. இரண்டு குளியலறைகளில் தலா ஒரு 2 கிலோவாட் ஹீட்டர் இருந்தாலே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறோம். ஒரு ஏசியும் மோட்டாரும் சேர்ந்தால் ஆறு கிலோவாட்டுக்கு மேல் போய்விடும். மாற்றும்போது மீட்டர், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர், உள்ளே எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸ் எல்லாமே மாறும். வீடு புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் இரண்டையும் ஒரே செலவில் முடித்துக்கொள்வது நல்லது.

அவ்வளவு வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, இன்ஸ்டன்ட் ஆசையை விட்டுவிட்டு 15 லிட்டர் 2 கிலோவாட்டையே வாங்குங்கள் என்பதுதான். நான்கு பேர் உள்ள வீட்டுக்குக் கோவை, ஈரோடு குளிருக்கு அது போதும். ஏற்காட்டிலோ வால்பாறையிலோ வீடு இருந்தால் 25 லிட்டர் வாங்கலாம். அதுவும் 2 கிலோவாட்தான்.

கம்பெனி ஆளே வந்து மாட்டித் தந்துருவாங்க. அப்புறம் எதுக்கு வயர்மேன்?

கம்பெனியிலிருந்து வருபவர் ஹீட்டரைச் சுவரில் மாட்டி, தண்ணீர்க் குழாயைச் சேர்த்து, இருக்கும் பிளக்கில் செருகிக் காட்டிவிட்டுப் போவார். பிளக்கின் பின்னால் என்ன ஒயர் வருகிறது என்று பார்ப்பது அவர் வேலை அல்ல. பிளக் இல்லையென்றால் "போட்டு வைங்க, நாளைக்கு வர்றேன்" என்பார். அந்த நாளைக்குள் வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவில் கிடைத்த ஆளைக் கூட்டிவந்து பாயிண்ட் எடுத்துவிடுகிறார். தவறுகள் நடப்பது பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான்.

புது பாயிண்ட் எடுப்பது முதல் பதிலில் சொன்ன விலக்குக்குள் வராது. அதைச் செய்பவர் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரராகவோ, அவரிடம் வேலை செய்யும் தகுதிச் சான்று உள்ள மின்கம்பியாளராகவோ இருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட வேண்டாம். வேலை தெரிந்தும் சான்று இல்லாதவர்கள் நம் ஊர்ப்பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே ஐடிஐகள் வழியாக மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்தப்படுகிறது. உங்கள் வழக்கமான ஆளை அதை எழுதச் சொல்லுங்கள்.

"லைன்மேன் தெரிஞ்சவருதான், அவரையே செய்யச் சொல்றேன்" என்பவர்களும் உண்டு. மீட்டர் வரைதான் மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டருக்கு அந்தப் பக்கம் உள்ள ஒயரிங் உங்களுடையது. அந்த வேலையை வாரிய ஊழியரிடம் கேட்பது அவரையும் சங்கடத்தில் மாட்டிவிடும்.

புது ஹீட்டர் போட்டதுல இருந்து ஆர்சிசிபி விழுந்துட்டே இருக்குது. அதை பைபாஸ் பண்ணிரலாம்ங்கறாங்க.

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஆர்சிசிபி என்பது ஃபேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுமையாகத் திரும்பி வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும் கருவி. 30 மில்லியாம்பியர் குறைந்தால், அது தண்ணீர் வழியாகவோ ஓர் உடம்பு வழியாகவோ பூமிக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு, ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் துண்டித்துவிடும். எம்சிபி இந்த வேலையைச் செய்யாது. 16 ஆம்பியர் எம்சிபி விழுவதற்குத் தேவைப்படும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ஈரத்தோடு நிற்கும் மனிதரின் உயிரைப் பறிக்கப் போதும்.

குறிப்பிட்ட அளவுக்கு மேல் பளு உள்ள வீட்டு மின்னமைப்புகளில் இத்தகைய கசிவுத் துண்டிப்பான் இருக்க வேண்டும் என்பதை மத்திய மின்சார ஆணையத்தின் 2010 விதிமுறைகளிலேயே சொல்லிவிட்டார்கள். 2023-இல் அவை புதுப்பிக்கப்பட்டபோதும் கசிவுப் பாதுகாப்புக்கு இடம் இருக்கிறது. ஆகவே பைபாஸ் செய்வது ஆபத்து மட்டுமல்ல, விதிமீறலும்கூட. ஹீட்டரைப் போடும்போது மட்டும் விழுந்தால் கோளாறு ஹீட்டரில் அல்லது அந்த ஒயரில் இருக்கிறது. போர் தண்ணீரின் உப்பு படிந்து, தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் வெடித்திருக்கலாம். கோடை முழுக்கச் சும்மா கிடந்த எலிமென்ட்டுக்குள் ஈரம் ஏறியிருக்கலாம். புது ஹீட்டரே விழவைக்கிறது என்றால் கவர் போடும்போது ஒயர் நசுங்கியிருக்கிறதா, வேறு அறையின் நியூட்ரலோடு சேர்த்து முறுக்கியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எங்களது பழைய ஓட்டு வீடு. பொடக்காளியில (கொல்லைப்புறத்தில்) குளிக்கற ரூம். எர்த்தே கிடையாது. ஹீட்டர் போடலாங்களா?

எர்த் போடும் வரை போட வேண்டாம். எத்தனை உயர்ந்த ஹீட்டராக இருந்தாலும் இதுதான் பதில். மூன்று துளை உள்ள பிளக் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். என் சித்தப்பா வீட்டில் நானே அதைக் கழற்றிப் பார்த்தேன்: மேல் துளைக்கு வர வேண்டிய பச்சை ஒயர் இரண்டு அங்குலத்துக்கு வெட்டப்பட்டு, மடக்கி, டேப் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. பதினோரு வருடம் அந்தக் குளியலறையில் எல்லோரும் ஹீட்டரில் குளித்திருக்கிறார்கள்.

எர்த் குழி போடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்; ஆனால் அது உரிமம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கம் மண் காய்ந்து கல்லாகிவிடும் என்பதால், வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்றும் வழக்கத்தை வெயில் காலத்தில் விட்டுவிடக் கூடாது.

ஐஎஸ்ஐ இல்லாத ஹீட்டரு பாதி விலைக்குக் கிடைக்குது. போட்டா யாரு கேட்கப் போறாங்க?

உங்கள் வீட்டுக்கு வந்து யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் தொட்டி வகை மின்ஹீட்டருக்கு ஐஎஸ் 2082 என்ற தரநிலையின்படி ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாமல் அதைத் தயாரிப்பதும் விற்பதும்தான் குற்றம். மூன்றாவது கேள்வியில் சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: நம் ஊரில் ஆய்வாளர் வராததற்கு ஈடாக இருக்கும் மூன்றில் ஒன்று இந்த முத்திரை. முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் தயாரிப்பாளரின் விவரம் வர வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் உத்தரவாதம் கிடையாது. ஏதாவது நடந்தால் நுகர்வோர் ஆணையத்தில் காட்டவும் கையில் எதுவும் இருக்காது.

கேஸ் கீசர் போட்டா கரண்ட் தொல்லையே இல்லைன்னு சொல்றாங்களே?

மின்பளு பற்றிய கேள்வி இல்லாமல் போகும் என்பது சரி. ஆனால் மின்ஹீட்டரைவிடக் கூடுதல் கவனம் கேட்பது இதுதான். எரியும் வாயு அறையின் ஆக்சிஜனைத் தின்று, போதாதபோது கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு மணமும் நிறமும் இல்லை. கதவைத் தாழிட்டுக் குளிக்கப் போனவர்கள் திரும்பி வராத செய்திகளை நாமெல்லாரும் படித்திருக்கிறோம். ஆகவே குளியலறைக்குள் மாட்டவே கூடாது. வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவர வேண்டும். ஐஎஸ் 15558 எண்ணுள்ள ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுப்புக்குப் போகும் ரப்பர் டியூபை நடுவில் வெட்டி டி ஜாயிண்ட் போடும் வேலையை அனுமதிக்காதீர்கள். எரிவாயு ஏஜென்சியில் சொல்லி அவர்களுடைய மெக்கானிக்கை வரவழைப்பதே முறை. குழாய் எரிவாயு வந்துவிட்ட தெருக்களில் அந்த நிறுவனத்திடம் கேட்காமல் எதையும் இணைக்கக் கூடாது. சிலிண்டர் வாயுவுக்காகச் செய்த ஹீட்டர் குழாய் எரிவாயுவுக்கு அப்படியே பொருந்தாது.

சோலார் ஹீட்டருக்கு மானியம் தர்றாங்களாமே, அதுக்கு எங்க விண்ணப்பிக்கறது?

இரண்டு வேறு பொருள்களைப் பெயர் ஒன்றாகக் குழப்புகிறது. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருவது கூரைமேல் மின்சாரம் தயாரிக்கும் பலகைகளுக்கு. அதற்கு இணையத்தில் பதிவு, மின்வாரிய ஒப்புதல், இருவழி மீட்டர் எல்லாம் வேண்டும். தண்ணீரைச் சூடாக்கும் சோலார் ஹீட்டர் மின்கம்பியோடு தொடர்பில்லாதது. அதற்கு அந்த மானியமும் இல்லை, அந்த அனுமதியும் வேண்டாம். மேகமூட்ட நாளுக்காக அதன் தொட்டிக்குள் மின் எலிமென்ட் வைத்தால் மட்டும், அது உங்கள் மின்பளுவில் சேரும். நான்காவது கேள்விக்கான பதில் அப்படியே அதற்கும் பொருந்தும்.

தனி வீட்டில் பழைய சோலார் ஹீட்டரை எடுத்துவிட்டுப் புதியது வைக்க யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் 200 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டும் 200 கிலோ. அதை ஓட்டுக் கூரைமேலோ, பிற்பாடு கட்டிய மெல்லிய சிலாப்மேலோ ஏற்றுவதற்கு முன் ஒரு பொறியாளரைக் கேளுங்கள். அடுக்குமாடியில் மொட்டைமாடி எல்லோருக்கும் பொது என்பதால் சங்கத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்க வேண்டும். உப்பு குறைந்த சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்குக் கண்ணாடிக் குழல் வகை சரிப்பட்டு வரும். உப்பு மிகுந்த போர் தண்ணீரானால் குழலுக்குள் உப்பு கட்டிவிடும் என்பதால், வெப்பப் பரிமாற்றி உள்ள தட்டை வகையைப் பார்க்கலாம்.

வாடகை வீடுங்க. ஓனர்கிட்ட கேட்காம மாத்தலாங்களா? செலவு யாருது?

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை இதைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கீசர் பழுது, சுவிட்ச், பிளக் போன்றவை குடியிருப்பவரின் பொறுப்பு. சுவருக்குள் ஓடும் ஒயரிங்கும் குழாய் மாற்றமும் உரிமையாளரின் பொறுப்பு. அவருடைய கீசர் கெட்டுப்போய் நீங்கள் முழுதாகப் புதியது வாங்குகிறீர்கள் என்றால், பழையதை அவரிடம் ஒப்படைத்து, புதியது உங்களுடையது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பி வையுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தைத் திரும்பக் கேட்கும் இடத்தில் அது உதவும்.

மின்பளுவைக் கூட்ட வேண்டும் என்றால் இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே இன்ஸ்டன்ட் வாங்கும் முன் உரிமையாளரிடம் பேசுவது கட்டாயம்.

வீட்டை ஒட்டித் தறிக்கூடம் இருக்குது, அதுல மும்முனை சர்வீஸ். அதுல இருந்து ஒரு லைன் இழுத்துக்கலாங்களா? தோட்டத்துச் சாளையில (தோட்டத்து வீட்டில்) மோட்டார் சர்வீஸ்ல மாட்டலாங்களா?

இரண்டும் கூடாது. கம்பி வலுவாக இருக்கிறது, மீட்டரும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. எந்த நோக்கத்துக்காக இணைப்பு தரப்பட்டதோ அதற்கு மாறாகப் பயன்படுத்துவது 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. கண்டுபிடிக்கப்பட்டால் உரிய கட்டணத்தைப்போல் இருமடங்கு கணக்கிடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்கும் சேர்த்துப் போடுவார்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கீசருக்காக அந்தச் சர்வீஸை விசாரணைக்குள் கொண்டுபோவது கட்டுபடியாகாத காரியம்.

தோட்டத்துச் சர்வீஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-இல் பெருமாநல்லூரில் நின்ற உழவர்கள் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார்கள். உழவுக்கு இன்று கிடைக்கும் இலவச மின்சாரத்துக்குப் பின்னால் அப்படிப்பட்ட போராட்டங்கள் இருக்கின்றன. அது பாசனத்துக்கு வந்த மின்சாரம். சாளையில் குடியிருப்பவர்கள் வீட்டு இணைப்பு தனியாக வாங்கிக்கொள்ளலாம். அதுவரை சுடுதண்ணி அடுப்பில் தென்னை மட்டையும் பாளையும் எரித்துக் காய்ச்சுகின்ற வெந்நீருக்கு எந்தக் குறையும் இல்லை.

அஞ்சு வருசமா 3 கிலோவாட்டுதான் ஓடுது, பளுவெல்லாம் கூட்டவே இல்லை. இப்பப் போய்ச் சொன்னா அபராதம் போடுவாங்களா?

நீங்களாகப் போய்க் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பிப்பது சாதாரண நடைமுறை. ஐந்தாவது பதிலில் சொன்ன ஒருமுறைக் கட்டணத்தோடு முடிந்துவிடும். சொல்லாமல் இருந்தால் என்றைக்கும் தெரியாது என்றும் எண்ண வேண்டாம். இப்போதைய மின்னணு மீட்டர்கள் யூனிட்டோடு அதிகபட்சமாக எத்தனை கிலோவாட் இழுத்தீர்கள் என்பதையும் பதிவு செய்கின்றன. அது அனுமதித்த அளவைத் தாண்டிக்கொண்டே இருந்தால் வாரியமே அறிவிப்பு அனுப்பும்.

இதில் அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. தெருவில் உள்ள மின்மாற்றியின் திறனை, பதிவான பளுவை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். மார்கழி விடியலில் ஐந்தரை மணிக்கு ஒரு தெருவில் முப்பது வீடுகளில் பதிவாகாத ஹீட்டர்கள் ஒன்றாக ஓடினால், வோல்டேஜ் இறங்கி ஃபியூஸ் போவது அந்தத் தெரு முழுக்கத்தான்.

ஆய்வாளர் வரமாட்டாருன்னா, மாட்டி முடிச்சதும் நாங்களே எதைப் பார்க்கறது?

மாட்டியவர் கிளம்புவதற்கு முன், அவர் முன்னிலையிலேயே பாருங்கள். முதலில் ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். பிளக் 16 ஆம்பியர் பிளக்காக, தண்ணீர் தெறிக்காத உயரத்தில், ஹீட்டருக்கெனத் தனி எம்சிபியோடு இருக்க வேண்டும். எர்த் இருப்பதை மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே காட்டும் வோல்ட், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே காட்டுவதற்கு நெருக்கமாக வர வேண்டும். பிறகு வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் நிறைந்து வருவதைப் பார்த்த பின்னரே சுவிட்சைப் போட வேண்டும். காலித் தொட்டியில் எலிமென்ட் சில நிமிடங்களிலேயே போய்விடும். அரை மணி நேரம் ஓடிய பிறகு பிளக் டாப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு என்றால் இரண்டாவது பதிலில் வந்த அந்தக் காபிப்பொடி நிறத்தின் தொடக்கம் அது.

குளிர்நீர் நுழையும் இடத்தில் ஒரு சிறிய பாதுகாப்பு வால்வு இருக்கும். ஹீட்டர் ஓடும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவதைப் பார்த்துப் பலர் பழுது என்று கருதி, எம்சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஒரு டம்ளர் அளவுக்கு விரிகிறது. அந்த விரிவுதான் சொட்டாக வெளியே வருகிறது. அதை அடைத்தால் அழுத்தம் முழுவதும் தொட்டிக்குள்ளேயே நிற்கும். சிறிய டியூபை மாட்டி அந்தச் சொட்டைத் தரைக் குழிக்கு விட்டுவிடுங்கள். ஹீட்டர் ஓடாதபோதும் நிற்காமல் ஒழுகினால் மட்டும் வால்வை மாற்றுங்கள்.